அத்தியாயம் ஐந்து: பருவத் தொடக்கத்தில் கிரிக்கெட் அபிமானி

பொகவந்தலாவையில் ஜனவரி தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை வீசும் வறண்ட காற்றும் இரவுக் குளிரும் தேயிலைக்கு மணத்தைக் கொடுத்துக் கொழுந்தின் அளவைக் குறைத்துவிடும் என்பதும், பின்னர் முதல் மழை விழுந்த மாத்திரத்தில் ஏப்ரலிலும் மே மாதத்திலும் மலைகளெல்லாம் ஒருசேரத் துளிர்த்துக் கூடைகள் நிரம்பும் என்பதும் இங்கே பிறந்தவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டாத விஷயங்கள். அந்தப் பெருங்கொழுந்துக் காலமே, 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி பெங்களூரில் தொடங்கிய இந்தியப் பிரீமியர் லீக் ஆட்டங்களின் காலமாகவும் அமைந்துவிட்டது. தொற்றுநோயின் காரணமாக 2020இல் அரபு நாட்டுக்குப் போய் இலையுதிர்காலத்தில் ஆடிய வருஷம் போன்ற விதிவிலக்குகளை நீக்கிப் பார்த்தால், மார்ச் இறுதியிலிருந்து மே இறுதி வரை, கொழுந்தும் கிரிக்கெட்டும் ஒரே வாரங்களில்தான் உச்சத்துக்கு ஏறுகின்றன. கிரிக்கெட் அபிமானியாக வாழ விரும்பும் தோட்டத்து வாசகர் முதன்முதலில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இதுவே.

நகரத்தில் வாழும் அபிமானிக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அவருக்குப் பருவத் தொடக்கம் என்றால் அணிகளின் பட்டியலைப் படிப்பதும், புதிய சட்டை வாங்குவதும், நண்பர்களோடு வாதிப்பதும்தான். நமக்கோ, வருஷத்தில் உடம்பு அதிகமாக உழைக்க வேண்டிய மாதங்களும் கண் அதிகமாக விழித்திருக்க விரும்பும் மாதங்களும் ஒன்றாயிருக்கின்றன. ஆகையால் திட்டமின்றி அபிமானம் கொள்பவர் தமது சந்தோஷத்துக்கான செலவைத் தாமறியாமலே வேறொருவர் தலையில் ஏற்றிவிடுகிறார், அந்த வேறொருவர் பெரும்பாலும் காலையில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிய பெண்ணாகவே இருக்கிறார். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் உபாயங்கள் பலவும் அந்தச் செலவை நியாயமாகப் பங்கிடுவதைப் பற்றியவை.

நேரக் கணக்கு

மாலை ஆட்டம் ஏழரை மணிக்குத் தொடங்குகிறது. சனி ஞாயிறுகளில் பிற்பகல் மூன்றரைக்கும் ஓர் ஆட்டம் இருப்பதுண்டு. சென்னையிலோ மும்பையிலோ ஏழரை என்றால் நமக்கும் ஏழரை. இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்தள்ளி வைத்துக்கொண்டதும், பத்தாண்டு கழித்து 2006 ஏப்ரல் நடுப்பகுதியில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியதும் இளைஞர்களுக்கு ஞாபகமிராது. அப்படித் திரும்பாமலிருந்தால், பதினொரு மணியையும் தாண்டி முடியும் இந்த ஆட்டங்கள் நம் கடிகாரத்தில் நள்ளிரவை ஒட்டித்தான் முடிந்திருக்கும்; மறுநாள் பிரட்டுக்குப் போகிறவர்கள் அவற்றைப் பார்ப்பது அசாத்தியமாகியிருக்கும்.

இப்போதும் அது எளிதான காரியமல்ல. காலை ஏழு மணிக்கு முன்னரே வீட்டை விட்டு இறங்க வேண்டியவர் ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். பதினொன்றரைக்குப் படுத்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம்தான் மிஞ்சும். இரண்டு நாள் இதைத் தாங்கலாம், ஒரு வாரம் தொடர்ந்து தாங்க இயலாது. மூன்றாம் நாள் காலையில் சரிவான மலையில் கால் தடுமாறுவதற்கும் கவ்வாத்துக் கத்தி கையில் பட்டுவிடுவதற்கும் தூக்கமின்மையே பெரும்பாலும் காரணமாகும். 2022இல் அணிகள் பத்தாகப் பெருகியபோது ஒரு பருவத்துக்கு 74 ஆட்டங்கள் என்று ஏற்பட்டது. அத்தனையையும் பார்த்தே தீருவேன் என்பவர் இரண்டு மாத ஆரோக்கியத்தைப் பணயம் வைக்கிறார். ஓர் அணிக்கு முதற்சுற்றில் 14 ஆட்டங்கள்தாம் உண்டு. தமது அணியின் அந்தப் பதினான்கை முழுமையாகப் பார்ப்பது என்றும், மற்றவற்றில் முதல் ஆறு ஓவர்களோடு திருப்தியடைந்து படுக்கைக்குப் போவது என்றும் பருவம் தொடங்குவதற்கு முன்பே முடிவுசெய்து, அட்டவணையை அச்சிட்டு வரும் நாளிதழ்ப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி, பார்க்கப்போகும் இரவுகளைப் பென்சிலால் வட்டமிட்டு வைப்பவரே உண்மையான அபிமானி என்பது எனது அபிப்பிராயம். வட்டமிட்ட இரவுக்கு முந்திய இரவில் ஒன்பது மணிக்கே படுத்துவிட வேண்டும். இந்த ஒரு நியமத்தை அனுஷ்டித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஆட்டம் வேறு வகைச் சிக்கல். பெருங்கொழுந்துக் காலத்தில் ஞாயிறன்றும் கைக்காசு வேலை நடக்கும்; பெண்கள் மலையில் இருப்பார்கள். மூன்றரை மணிக்குத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருக்கும் ஆண், தமது மனைவியோ தாயோ அந்த நேரத்தில் கொழுந்து மடுவத்தில் நிறுவைக்காக வரிசையில் நிற்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படிக்கவும்.

வீட்டு வேலை

கவ்வாத்து, முள்ளுக்குத்து முதலிய வேலைகளுக்குப் போகும் ஆண்கள் தங்களுக்குக் குறித்த அளவை முடித்துவிட்டுப் பிற்பகலிலேயே லயத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். கொழுந்தெடுக்கும் பெண்களோ கடைசி நிறுவையும் முடிந்து, படங்கை அவிழ்த்து, வழியில் விறகும் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது மாலை ஐந்தாகிவிடும். அதன்பிறகு தண்ணீர், சமையல், பிள்ளைகளின் பாடம், துணி. ஏழரைக்கு முதற்பந்து வீசப்படும்போது அடுப்படியில் நிற்பவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இத்தனைக்கும் அடுப்படியில் நிற்பவருக்குக் கிரிக்கெட்டில் சிரத்தையில்லை என்று எண்ணுவது சுத்த அறியாமை. எந்தப் பந்துவீச்சாளர் இடக்கைக்காரருக்கு எப்படி வீசுவார் என்பதை இஸ்தோப்பில் வெற்றிலை மடித்தபடியே விளக்கக்கூடிய பாட்டிமார் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆட்டத்தைப் பின்சுவருக்கு அப்பாலிருந்து ஒலியாக மட்டும் கேட்கும் பழக்கம் ஏற்பட்டிருப்பது அவர்கள் விரும்பி ஏற்றதல்ல.

ஆகையால் பருவத் தொடக்கத்தில் வீட்டார் எல்லோரும் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வட்டமிட்ட நாட்களில், முதலில் வீடு திரும்புகிற ஆண் பீலியில் தண்ணீர் பிடித்து வைப்பதும், விறகு பிளந்து அடுப்படியில் அடுக்குவதும், ஆறு மணிக்குள் கோதுமை மாவைப் பிசைந்து மூடிவைப்பதும் அவருடைய கடமைகள். ரொட்டியும் சம்பலும் இத்தகைய இரவுகளுக்கு மிகவும் ஏற்றவை. சோறு, கறி என்று விரித்தால் ஒருவர் எட்டரை வரை அடுப்பைவிட்டு நகர முடியாது. தேங்காய் துருவுவதையும் வெங்காயம் உரிப்பதையும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்களே செய்யலாம், அவர்கள்தாமே இரவு அதிகம் சத்தம் போடப்போகிறவர்கள். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டு முறை வரும் இரண்டரை நிமிஷ இடைவேளையில் சாயத்தண்ணீர் ஊற்றிவிடலாம். இரண்டு இன்னிங்ஸுக்கும் நடுவில் வரும் நீண்ட இடைவேளையில் பாத்திரங்களைக் கழுவி முடித்துவிடலாம். கழுவுகிறவர் இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்வது உத்தமம். சீனி விலை ஏறியிருக்கும் காலங்களில் வெறும் சாயத்தண்ணீரைக் கையில் ஒரு துண்டு கருப்பட்டியோடு குடிப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு எதிராக ஆண்கள் சொல்லும் நியாயங்களை நான் கேட்டிருக்கிறேன். உடம்பு அலுப்பு என்பார்கள். அலுப்பு இரு சாராருக்கும் உண்டு. ஊரார் சிரிப்பார்கள் என்பார்கள். சிரிக்கிறவர்கள் இரண்டு பருவத்துக்குள் தாங்களும் மாவு பிசையத் தொடங்கிவிடுகிறார்கள்.

பெட்டியும் மின்னலும்

தகரக் கூரைகளின்மேல் வட்டத் தட்டுகள் முளைத்த பிறகு லயங்களில் ஆட்டம் பார்ப்பது சுலபமாயிற்று என்பது வாஸ்தவம். ஆனால் ஏப்ரல் மாதத்து வானம் நம் மலைகளில் காலையில் நிர்மலமாயிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குக் கறுத்து இடித்து முழங்கும் சுபாவமுடையது. மழை வலுத்தால் சமிக்ஞை அறுந்துபோவது தவிர்க்கமுடியாதது; ஓய்ந்தவுடன் தானே திரும்பிவரும், அதற்காகக் கூரைமேல் ஏறித் தட்டைத் திருப்புவது வீண் வேலை, நனைந்த தகரத்தில் சறுக்கி விழுந்தால் பருவம் முழுவதையும் டிக்கோயா ஆஸ்பத்திரியில் கழிக்க நேரும். மழை இல்லாத நாளிலும் படம் உடைகிறதென்றால் நிழல்மரத்தின் புதுக் கிளை ஏதாவது தட்டுக்கு நேராக வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும். இதை மார்ச் மாதத்து வறண்ட நாட்களிலேயே, கூரை காய்ந்திருக்கும்போது, ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள மற்றொருவர் ஏறிச் சரிபார்த்துவிட வேண்டும்.

மின்னல் விஷயத்தில் அசட்டை கூடாது. இடி தூரத்தில் கேட்கும்போதே மின்செருகியைக் கழற்றுவதோடு, தட்டிலிருந்து வரும் கம்பியையும் பெட்டியிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். செருகியை மட்டும் கழற்றிவிட்டுக் கம்பியை விட்டுவிடுகிறவர்களே அதிகமாக நஷ்டமடைகிறார்கள். வேலைக்குப் போகுமுன் காலையிலேயே இரண்டையும் கழற்றிவைத்துவிட்டுப் போவது ஏப்ரலில் நல்ல பழக்கம். பார்ப்பதற்கான கட்டணத்தை மாத ஆரம்பத்தில் மொத்தமாகக் கட்டுவதைவிட, சம்பள நாளுக்குப் பிறகு கட்டி, வட்டமிட்ட ஆட்டங்கள் எந்த வாரங்களில் நெருங்கி வருகின்றன என்று பார்த்துச் செலவிடுவது சிக்கனம். மூன்று நான்கு காம்பராக்கள் சேர்ந்து ஒரு பெட்டிக்குப் பணம் போடும் வழக்கமும் இருக்கிறது. அப்படிச் செய்தால் பெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அவர் வீட்டாருக்கு மின்கட்டணத்தில் ஒரு பங்கு கொடுத்துவிட வேண்டும், கேட்டு வாங்க விடக்கூடாது.

மின்சாரம் இல்லாத இரவுக்கும் ஓர் ஆயத்தம் வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பருவம் மார்ச் 26ஆம் திகதி ஆரம்பமாயிற்று. அதே மாதத்தின் கடைசி நாளில் நாடு முழுவதும் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்படும் நிலை வந்தது. அந்நாட்களில் கைப்பேசியில் மிச்சமிருந்த மின்னை எதற்குச் செலவிடுவது, கொழும்பில் வேலை செய்யும் மகனோடு பேசுவதற்கா, ஓட்ட எண்ணிக்கை பார்ப்பதற்கா என்று குடும்பங்களில் வழக்கு நடந்தது. மின்கலத்தில் ஓடும் சிறிய வானொலி ஒன்றைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் அப்போது மரியாதைக்குரியவர்களானார்கள். இந்தியாவின் தமிழ் வானொலி வர்ணனையில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலைக் கேட்டுப் பழகிய தலைமுறைக்குக் கண்ணால் பாராமலே ஆட்டத்தை அனுபவிக்கும் வித்தை தெரியும். அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது நல்லது.

லயத்தின் மரியாதைகள்

பழைய லயங்களில் காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர் பல இடங்களில் கூரை மட்டம் வரை எழும்புவதில்லை. ஒரு வீட்டின் இருமல் நான்காவது வீட்டில் கேட்கும். இந்த அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டிய குறைகள் ஏராளம், அவற்றைச் சொல்ல வேறு புத்தகங்கள் இருக்கின்றன. அபிமானியின் நோக்கில் இதிலிருந்து பிறக்கும் பிரச்சினை ஒன்று உண்டு. வட்டத் தட்டின் வழியாக வரும் படத்துக்கும் கைப்பேசியில் இணையம் வழியாக வரும் படத்துக்கும் அரை நிமிஷம் வரை வித்தியாசம் இருக்கலாம். மேல்வீட்டில் பெட்டியில் பார்ப்பவர்கள் ஆரவாரம் செய்யும்போது கீழ்வீட்டில் கைப்பேசியில் பார்க்கும் பையனுக்குப் பந்துவீச்சாளர் இன்னும் ஓடிவரத் தொடங்கியிருக்கமாட்டார். விக்கெட் விழப்போகிறது என்று தெரிந்துகொண்டே அது விழுவதைப் பார்ப்பதைவிட வேதனை தருவது ஒன்றில்லை. இதற்குச் சட்டம் போட முடியாது. கைப்பேசியில் பார்ப்பவரைக் கூப்பிட்டுப் பெட்டியின் முன் உட்காரவைத்துக்கொள்வதே பரிகாரம். “என்ன தம்பி, அங்க தனியா குந்திக்கிட்டு? இங்க வாயேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அழைக்கப்பட்டவருக்கும் கடமை உண்டு. போகும்போது ஒரு பொட்டலம் கடலையோ, அரை இறாத்தல் சீனியோ கையில் இருக்கட்டும். வீட்டுக்காரப் பெரியவருக்கு எதிரில் கால்நீட்டி அமராமல், நல்ல இடத்தை மாமிக்கும் பாட்டிக்கும் விட்டுவிட்டு நிலைப்படியோரம் உட்கார வேண்டும். பரீட்சை எழுதும் பிள்ளை உள்ள வீட்டுக்கு அடுத்த காம்பராவில் ஒலியைக் குறைத்துவைப்பது கட்டாயம்; அந்தப் பிள்ளை லயத்தின் பொதுச் சொத்து. லயத்தில் ஒரு சாவு விழுந்துவிட்டால், எத்தகைய இறுதியாட்டமாயினும், அடக்கம் முடியும்வரை எந்தக் காம்பராவிலும் பெட்டி திறக்கப்படக்கூடாது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை, இதுவரை யாரும் மீறியதாகவும் நான் அறியேன்.

மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு இரவிரவாகக் கண்விழித்துக் குளிரில் போர்வையோடு உட்கார்ந்து பழகிய ஜனங்கள் நாம். கூடிப் பார்ப்பதற்கு நம்மிடத்தில் ஒரு பண்பாடு ஏற்கனவே இருக்கிறது. கூத்துக்களத்தில் குழந்தைகளுக்கு முன்வரிசை, நடப்பவர்களுக்கு வழி, குடித்துவிட்டு வந்தவனுக்குக் கடைசி ஓரம் என்று எப்படித் தானாக ஒழுங்கு ஏற்படுகிறதோ, அப்படியே பத்தடி அறையிலும் ஏற்படுத்திக்கொள்ளலாம்.

எந்த அணி?

இக்கேள்வியை மலையகத்து அபிமானியிடம் வெளியார் கேட்கும்போது அதில் கிரிக்கெட்டுக்கு அப்பாற்பட்ட ஒரு விசாரணையும் மறைந்திருப்பதுண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டில்தான் எஞ்சியிருந்தோருக்கும் உரிமை வழங்கும் சட்டத்தைக் கண்ட ஒரு சமூகத்தை நோக்கி, “நீங்கள் இந்தியாவுக்கா, இலங்கைக்கா?” என்று கேட்பது விளையாட்டாகக் கேட்டாலும் விளையாட்டாக இராது. ஆகையால் நம்மவர்கள் தமக்குள் ஒருவரையொருவர் இவ்விதம் சோதிக்காமலிருப்பது நலம். ஒரே காம்பராவில் மூவர் மூன்று அணிகளை ஆதரிப்பதில் துரோகம் எதுவுமில்லை.

உண்மையில் இந்த அபிமானங்கள் வந்த வழிகள் பல. 1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்து, அர்ஜுன ரணதுங்கவின் அணி அவுஸ்திரேலியாவை வென்ற இரவை இத்தோட்டங்களில் பார்த்தவர்களுக்கு இலங்கையணியை விட்டு வேறெங்கும் போக மனம் வராது. அந்த அணியில் முத்தையா முரளிதரன் இருந்தார். 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஒருவரின் பேரன்; கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் கற்றவர்; மெல்பர்னில் 1995ஆம் ஆண்டு டிசம்பரில் பந்தெறிகிறார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு நின்றவர்; 2007இல் தமது சொந்த ஊரின் அஸ்கிரிய மைதானத்திலேயே ஷேன் வோர்னின் சாதனையைக் கடந்து, 2010 ஜூலையில் காலியில் தமது கடைசிப் பந்துவீச்சில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்து விடைபெற்றவர். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, மலையக மக்களை நோக்கிப் பேசும்போது எம்.ஜி.ஆரையும் முரளிதரனையும் சேர்த்து நினைவுகூர்ந்தது தற்செயலன்று.

அந்த முரளிதரன் 2008இலிருந்து மூன்று பருவங்கள் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு ஆடினார். மஞ்சள் சட்டை மலைநாட்டுக்குள் நுழைந்ததில் தோனியின் பங்குக்கு இணையான பங்கு அவருக்கும் உண்டு. பின்னர் 2013இல், இலங்கைத் தமிழருக்காகத் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பின் காரணமாக இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாதென்று தீர்மானமானபோது, நம் அபிமானிகளின் நிலை தர்மசங்கடமாயிற்று: யாருக்காகக் கோபப்படுகிறார்களோ அவர்களுக்கும், யார் தடுக்கப்பட்டார்களோ அவர்களுக்கும் ஒருங்கே உறவானவர்கள் வேறெவர்? சிலர் அந்தப் பருவத்தில் பெட்டியைத் திறக்கவில்லை. பலர் திறந்தார்கள், பேசாமல் பார்த்தார்கள்.

ஒப்பந்தத்தால் அக்கரை போய்க் கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகள் இன்று அதே ஏழரை மணிக்கு அதே ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். இடைவேளையில் அவர்களோடு கைப்பேசியில் பேசுவது ஒரு நல்ல வழக்கம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கடல் கடந்து போகப் பணமில்லாத உறவினர்களுக்குப் பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைக்கிறது, “சித்தப்பா, உங்க பக்கம் மழையா?” என்று தொடங்கினால் அங்குள்ள கொழுந்து விலையிலிருந்து பிள்ளைகளின் படிப்புவரை செய்தி வந்துவிடும்.

கணக்குப் புத்தகம்

நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றை வாங்கி, வட்டமிட்ட ஆட்டங்களின் கணக்கைக் கையால் எழுதிவருமாறு இளைஞர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். திரையிலேயே எல்லா எண்களும் வரும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குப் போய்க் கிரிக்கெட் நிருபராயிருந்த ஹென்றி சாட்விக் என்பவர், அந்நாட்டின் பேஸ்போல் ஆட்டத்துக்குக் கிரிக்கெட் கணக்கை ஒட்டி ஒரு கணக்கு முறையை வகுத்தார். அங்கே அபிமானிகள் பலர் இன்றும் மைதானத்தில் பென்சிலும் அட்டையுமாக அமர்ந்து ஒவ்வொரு பந்தையும் குறிக்கிறார்கள், அவர்களுடைய பருவமும் நமது பருவத்தைப் போலவே மார்ச் இறுதியில்தான் திறக்கிறது. எழுதுகிறவனுக்குத் தூக்கம் வராது, கத்தவும் நேரமிராது. எந்த ஓவரில் ஆட்டம் கைமாறியது என்பதை மறுநாள் பிரட்டில் ஆதாரத்தோடு சொல்லவும் முடியும். துண்டுத் துண்டாகக் கொழுந்தின் நிறையை மனத்தில் கூட்டிப் பார்த்துக் கணக்கப்பிள்ளையின் ஏட்டோடு ஒத்துப்பார்க்கத் தெரிந்த பெண்களின் பிள்ளைகளுக்கு இது கடினமாயிராது. கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர் பந்தயத்தில் இறங்காமலிருப்பதும் முக்கியம். பந்தயத்தில் போன பணத்துக்காக அட்டன் அடகுக் கடைக்குத் தோடு போன கதைகளை விரிக்க எனக்கு மனமில்லை.

மைதானம்

பார்ப்பதோடு நில்லாமல் ஆடவும் வேண்டும். மலைநாட்டில் கிரிக்கெட் தேயிலையோடு ஏறக்குறைய ஒரே வயதுடையது: ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல், துரைமார் டரவளையில் டிக்கோயா–மஸ்கெலியா கிரிக்கெட் கழகத்தை நிறுவியது 1868இல், அப்போது இப்பக்கத்து மலைகளில் நின்றது கோப்பி. அந்தப் பசும்புல்லை வெட்டிச் சமப்படுத்திய கைகளுக்கு அதில் மட்டை பிடிக்க நெடுங்காலம் இடமிருக்கவில்லை. இன்று லயத்து வாசலிலும், கோவில் முற்றத்திலும், பள்ளிக்கூடத்து மேட்டிலும் மென்பந்து ஆடுகிறவர்கள் அந்தக் கைகளின் வாரிசுகள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கொழும்பிலிருந்து இளைஞர்கள் ஊர் திரும்பும் வாரமே சுற்றுப்போட்டிகளுக்கு உகந்த வாரம்; கொட்டியாகலை, கெம்பியன் என்று தோட்டத்துக்கொரு அணி சேர்க்கலாம், புறக்கோட்டையில் வாங்கிய சட்டைகளுக்கும் அப்போதுதான் பிரயோசனம். இடி தொடங்குமுன் பன்னிரண்டு மணிக்குள் ஆட்டங்களை முடித்துவிட வேண்டும். தேயிலைக்குள் அடித்தால் ஆட்டமிழப்பு என்ற விதியைத் தளர்த்தவே கூடாது. பந்தைத் தேடுகிறேன் என்று செடியை மிதித்தால் தோட்டத்து நிர்வாகத்தோடு தகராறு வரும், நமது கொழுந்துமல்லவா அது. காணாமற்போன பந்துகள் கவ்வாத்து வெட்டும்போது சில வருஷங்களுக்குப் பின் வெளுத்துப்போய் அகப்படும்.

இரவில் வீடு திரும்புதல்

வேறு டிவிஷனில் ஆட்டம் பார்க்கப் போகிறவர் திரும்பிவரும் வழியைப் பகலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தேயிலைக்குள்ளும் அதையொட்டிய காட்டுத்துண்டுகளிலும் சிறுத்தைகள் வாழ்கின்றன. மனிதரைத் தேடி வரும் பிராணி அல்ல அது, நாயைத் தேடி லயம்வரை வரும். ஆகவே நாயைத் துணைக்குக் கூட்டிப்போவது தவறு. இருவர் மூவராக, டோர்ச் வெளிச்சத்தோடு, கெசல்கமு ஓயாவின் குறுக்குப் பாதையை விட்டுக் கார் ரோட்டு வழியாக, ஆட்டத்தைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டு நடந்துவந்தால் போதுமானது. தோற்ற நாளிலும் பேச வேண்டும். சிறுவர்களைத் தனியே அனுப்பக்கூடாது, பெண்கள் பார்க்க வந்திருந்தால் அவர்களை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவது பெட்டிக்காரருடைய பொறுப்பு.

வீடு சேர்ந்ததும் கம்பியையும் செருகியையும் கழற்றி, மறுநாள் படங்கையும் கூடையையும் வாசற்பக்கத்தில் எடுத்துவைத்துவிட்டுப் படுக்கவும். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை இறங்கியபின் தட்டையும் கூரையையும் எவ்விதம் பாதுகாப்பது, பருவத்தின் இறுதியாட்டத்தைப் பொதுமண்டபத்தில் காட்டுவதற்குத் தோட்டத்துரையிடம் எப்போது, எந்த வாசகத்தில் விண்ணப்பிப்பது என்பவை அடுத்த அத்தியாயத்தில் சொல்லப்படும்.